என்னைப் பற்றி என்னிடமே விசாரித்தவர்

“கதிரேசன்னு ஒரு பையன். இன்ஷூரன்ஸ் ஆபீஸ்ல வேலை பாக்குறான். இந்தத் தெருவுலதான் எங்கயோ மாடியில குடியிருக்கானாம். தெரியுமா தம்பி?”

கேட்டவருக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். சலவை வேட்டி, கையில் கனமான மஞ்சள் பை, தெருக்கோடி வரை கேட்கும் குரல். கேட்ட இடம், ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியை ஒட்டி நான் அப்போது குடியிருந்த சந்தின் முனை. இஸ்திரி வண்டி அங்கேதான் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை காலை. அந்த வாரத்துக்கான சட்டைகளை வாங்கி, கரி மணமும் சூடும் நெஞ்சில் படும்படி கைக்குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு நின்றிருந்த ஆள் நான்.

கதிரேசனும் நான்தான்.

மற்ற மனிதர்கள் இந்த மாதிரி நேரத்தில் “நான்தாங்க அது” என்று சொல்லிவிட்டு மேற்கொண்டு ஆக வேண்டியதைப் பார்ப்பார்கள். நான், “தெரியும்” என்றேன்.

அது பொய் என்று யாரும் சொல்ல முடியாது. எனக்குக் கதிரேசனைப் பல வருடங்களாகத் தெரியும்.

கூச்சப்படுகிறவர்களுக்கு மட்டுமே விளங்கும் ஒரு சங்கடம் இதில் இருக்கிறது. “நான்தான்” என்று சொல்ல அரை மூச்சு நேரம்தான் கொடுக்கப்படுகிறது. அதற்குள் சொல்லிவிட வேண்டும். அந்த அரை மூச்சு போய்விட்டால், பிறகு சொல்லும்போது “இவ்வளவு நேரம் ஏன் சொல்லவில்லை” என்ற கேள்விக்கும் சேர்த்துப் பதில் வைத்திருக்க வேண்டும். என்னிடம் முதல் கேள்விக்கே பதில் இருக்கவில்லை.

“நல்லதாப் போச்சு. எப்படிங்க, ஆளு?” என்றார் அவர்.

என்னைப் பற்றி நானே எப்படிப் புகழ்ந்து சொல்வது? சட்டைகளை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

“பரவாயில்லைங்க.”

அவருடைய புருவங்கள் நெருங்கி வந்தன. அந்தப் பெரியவரை அப்படியே சற்று நேரம் நிற்க வைத்துவிட்டு, நான் கொஞ்சம் சுற்றிவிட்டு வருகிறேன்.

செடியிலிருந்து பூச்சி வரை

என்னைப் போன்றவர்களைக் குறிப்பிடத் தமிழில் இருக்கும் சொற்களைப் பார்த்தால், நாங்கள் வாயை மூடிக்கொண்டிருந்த காலமெல்லாம் மற்றவர்கள் எங்களைப் பற்றிப் பேசியேதான் மொழியை வளர்த்திருக்கிறார்கள் என்று தோன்றும்.

எனக்குக் கிடைத்த முதல் பட்டம் தொட்டாற்சிணுங்கி. அது செடி. பள்ளிக்கூடத்தில் பிள்ளைப்பூச்சி ஆனேன். கல்லூரியில் வாயில்லாப் பூச்சி. தாவரத்திலிருந்து பூச்சிக்கு வந்தது வளர்ச்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அதோடு நின்றுவிட்டது. முதுகெலும்புள்ள எதுவும் இன்றுவரை என் பெயரோடு வந்து சேரவில்லை.

அப்பிராணி என்றும் சொல்வார்கள். பிராணிகளின் பட்டியலிலேயே சேர்த்துக்கொள்ளப்படாதவன் என்று அதற்கு அர்த்தம் செய்துகொண்டு சின்ன வயதில் கொஞ்ச நாள் வருந்தியிருக்கிறேன்.

பெஞ்சை உடைத்தது யார் என்று ஒரு வாத்தியார் வகுப்பில் கேட்டார். எனக்குத் தெரியாது. தெரியாது என்று எழுந்து சொல்லத்தான் பயம். எழாமல் இருந்ததற்குக் கல்லுளிமங்கன் என்று பெயர் வாங்கினேன். தொடைநடுங்கி என்று சொன்னவர்களும் உண்டு. அது மட்டும் அநியாயம். எனக்குத் தொடை நன்றாகத்தான் இருக்கும். நடுங்குவது குரல்.

இதில் ஒரு விசித்திரம் கவனித்திருக்கிறேன். நான் செய்வது எப்போதும் ஒரே காரியம்தான்: சும்மா இருப்பது. பார்க்கிறவர்கள்தான் மாறுவார்கள். கல்யாணப் பந்தியில் ஓரமாக உட்கார்ந்திருப்பேன். எதிர் வரிசையில் சித்தப்பா, “சாது” என்பார். அவருக்குப் பக்கத்து இலையில் இருப்பவர், “உம்மணாமூஞ்சி” என்பார். பிடித்தவர்களுக்கு அடக்கம், பிடிக்காதவர்களுக்கு அழுத்தம். இரண்டுக்கும் நடுவில் அமுக்குணி என்று ஒரு சொல் இருக்கிறது பாருங்கள், அதுதான் ஆபத்தானது. பேசாதவன் உள்ளே எதையோ வைத்துக்கொண்டிருக்கிறான் என்ற சந்தேகம் முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடும். நானும் பல தடவை உள்ளே தேடிப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் மத்தியானச் சாப்பாடு பற்றிய யோசனைதான் இருக்கும்.

அலுவலகத்தில் சேர்ந்த பிறகு “ரிசர்வ்ட் டைப்” ஆனேன். சென்ற மாதம் என் மகள் கைபேசியைப் பார்த்துக்கொண்டே, “அப்பா, நீ இன்ட்ரோவர்ட்” என்றாள். ஆங்கிலத்தில் பெயர் கிடைத்ததும் பாதி குணமான மாதிரி ஒரு நிம்மதி. அப்படிப்பட்டவர்களுக்குச் சங்கம்கூட இருக்கிறதாம். கூட்டம் போட்டால் யாரும் வரமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

கூச்சத்துக்குப் பக்கத்து வீட்டில் குடியிருப்பது ஜாக்கிரதை. பஸ்ஸில் கண்டக்டரோடு பேச்சு வளர்ந்துவிடக் கூடாது என்பதற்காக, பஸ் வருவதற்கு முன்பே சரியான சில்லறையை உள்ளங்கையில் வைத்து வியர்த்துக்கொண்டு நிற்பவன் நான். சில்லறை இல்லாமல் ஏறிய ஒரு பஸ்ஸைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வத்தல் காவல்

இப்போது அந்தப் பெரியவர் எதற்காக என் சந்துக்கு வந்தார் என்று சொல்லிவிட வேண்டும்.

அப்பாவும் அம்மாவும் ஓசூரில் அண்ணனோடு இருந்தார்கள். எனக்குப் பெண் தேடும் பொறுப்பை உறையூரில் இருந்த கமலா அத்தை எடுத்துக்கொண்டிருந்தார். துறையூரில் ஒரு ஜாதகம் பொருந்தியது. பெண் பெயர் தேன்மொழி. கடைவீதியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை.

எங்கள் பக்கத்தில் ஜாதகம் பொருந்திய பிறகு விசாரிப்பு என்று ஒன்று நடக்கும். இரண்டு வீட்டாரும் ஆளுக்கு ஒருவரை அனுப்பி, மறு தரப்பின் அக்கம்பக்கத்தில் கேட்டு வரச் சொல்வார்கள். ஒரு கல்யாணத்தைக் கெடுத்த பாவம் யாருக்கும் வேண்டாம். அதனால் கேட்கப்படுகிறவர் எவரும் கெட்டது சொல்ல மாட்டார். கேட்க வருகிறவருக்கும் அது தெரியும். அதனால் சொன்னதிலிருந்து ஒரு படி இறக்கித்தான் எடுத்துக்கொள்வார். “தங்கமான பையன்” என்றால் சரி, மேற்கொண்டு பேசலாம். “நல்ல பையன்” என்றால் கொஞ்சம் யோசிக்கலாம். “பரவாயில்லை” என்றால் காபி குடித்துக்கொண்டிருந்தால்கூட டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பிவிடலாம்.

எங்கள் தரப்பில் அத்தையே துறையூர் போனார். நேராகப் பரிசோதனை நிலையத்துக்குள் நுழைந்து, சர்க்கரை பார்க்க வந்தவர் போல உட்கார்ந்து விசாரித்துவிட்டு வந்தார். முழங்கை மடிப்பில் பஞ்சோடு என் அறைக்கு வந்து உட்கார்ந்தது ஞாபகம் இருக்கிறது.

“மூஞ்சியைத் துணியால மூடிக்கிட்டு ரத்தம் எடுக்குற பொண்ணுங்க ரெண்டு மூணு பேரு இருக்குதுங்க. எனக்கு ஊசி குத்துச்சே ஒண்ணு, அதுகிட்டயே கேட்டுட்டேன்டா. தேன்மொழி எப்படின்னு.”

“என்ன சொன்னாங்க?”

“பரவாயில்லைங்கன்னுச்சு. அதிகமாப் பேச மாட்டாங்கன்னுச்சு. அவ்ளோதான்.”

“அப்ப வேணாமா அத்தை?”

“போடா. அக்கம்பக்கத்துக்காரன் பரவாயில்லைன்னாதான் பயப்படணும். ஒரே எடத்துல வேலை பாக்குற பொம்பளை, இன்னொருத்தியப் பரவாயில்லைன்னு சொல்லிட்டாள்னா அது சொக்கத் தங்கம்.”

அத்தையின் அகராதி அப்படி. அடுத்த வாரம் பெண் பார்க்கப் போனோம்.

தேன்மொழி தலையை நிமிர்த்தவே இல்லை. கேசரித் தட்டை நீட்டியபோதும், அத்தை ஏதேதோ கேட்டபோதும், தரையைப் பார்த்தபடியே இருந்தாள். “இந்தக் காலத்துல இப்படி ஒரு அடக்கமா” என்று அத்தை பூரித்துப்போனார். பிறகு பெரியவர்கள் வழக்கப்படி, “ரெண்டு பேரும் மாடியில போய்த் தனியாப் பேசிட்டு வாங்க” என்று அனுப்பினார்கள். எங்கள் இருவரையும் தெரிந்த யாரும் அந்தத் தண்டனையைக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

மொட்டை மாடியில் பழைய வேட்டி விரித்துக் கூழ்வத்தல் காயப்போட்டிருந்தார்கள். வெயிலில் சீரகமும் பெருங்காயமும் மணத்தன. அவள் கைப்பிடிச் சுவரின் ஒரு பக்கம், நான் மறு பக்கம். நான் பஸ்ஸில் வரும்போதே யோசித்து வைத்திருந்த கேள்விகள் ஒவ்வொன்றாக மறந்துபோயின. அவளும் எதையோ யோசித்து வைத்திருந்து மறந்துபோன மாதிரிதான் தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவள் வாய் திறந்தாள்.

“உங்க பக்கம் காக்கா வருது.”

நான் காக்கையை விரட்டினேன். அது அவள் பக்கம் போனது. அவள் விரட்டினாள். பிறகு ஓர் அணில் வந்தது. கீழே கூப்பிடும் வரை நாங்கள் இரண்டு பேரும் அந்த வத்தலைக் காவல் காத்தோம். வேறு ஒரு வார்த்தையும் பேசவில்லை. படியிறங்கும்போது திரும்பி ஒரு தடவை சிரித்தாள். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும், “பேசினியா? எப்படி?” என்று அத்தை கேட்டார். “நல்லாப் பேசினோம்” என்றேன். உண்மையாகவே அப்படித்தான் தோன்றியது.

இனி பெண் வீட்டாரின் விசாரிப்பு மட்டும்தான் பாக்கி. தேன்மொழியின் தாய்மாமா, மண்ணச்சநல்லூரில் அரிசி மில் வைத்திருக்கும் பழனியாண்டி, அறுவடை நேரமாக இருந்ததால் பெண் பார்க்கும்போது வரவில்லை. அவர் நேரில் விசாரித்துத் தலையாட்டினால்தான் தாம்பூலம் மாற்றுவார்கள். என் போட்டோ துறையூரில் இருந்தது. அதைக்கூடப் பார்க்காமல் மில்லிலிருந்து நேராகக் கிளம்பி வந்துவிட்டார்.

இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் நாம் நிற்க வைத்துவிட்டு வந்தோமே, அவர்தான்.

“கூட வாங்க தம்பி”

“பரவாயில்லைன்னா?” என்றார் பழனியாண்டி. மில் இரைச்சலில் பேசிப் பேசிக் குரல் உயர்ந்து, காது மந்தமாகிப்போன மனிதர். சட்டைப் பையிலிருந்து நாலு அரிசியை எடுத்து முன்பல்லில் வைத்துக் கடித்தார். அது அவருடைய பழக்கம். நெல்லுக்கு ஈரப்பதம் பார்ப்பது போல எல்லா விஷயத்தையும் அப்படித்தான் பார்ப்பார்.

“அவ்வளவாப் பேசினதில்லைங்க” என்றேன். எனக்குள் நான் பேசிக்கொள்ளும் பழக்கமும் குறைவுதான்.

“சரி, தெரியாத தெரு. நீங்க கூட வாங்க தம்பி. நாலு பேரைக் காட்டுங்க, கேட்டுட்டுப் போயிடறேன்.”

மாட்டேன் என்று சொல்லத் தெரிந்தவன் “நான்தான் அது” என்று முன்பே சொல்லியிருப்பான். என்னைப் பற்றி விசாரிக்க என் தெருவில் அவருக்கு நானே வழிகாட்டியாக நடந்தேன். சட்டைகளை இஸ்திரி வண்டியிலேயே விட்டுவிட்டு, மரியாதைக்காக அவருடைய மஞ்சள் பையை வாங்கிக்கொண்டேன். உள்ளே மாதிரி அரிசிப் பொட்டலங்கள். நல்ல கனம்.

முதலில் நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் வைதேகி மாமி. வாசலில் கோலத்துக்குக் காவி இட்டுக்கொண்டிருந்தார். பழனியாண்டி விஷயத்தைச் சொன்னதும் மாமி என்னைப் பார்த்தார், பெரியவரின் சலவை வேட்டியைப் பார்த்தார், கல்யாண விஷயம் என்று புரிந்துகொண்டார். பெரியவர்கள் பேசும்போது பையன் பக்கத்திலேயே நின்றாலும் அவனைப் பற்றிப் படர்க்கையில்தானே பேசுவது வழக்கம்? மாமியும் அப்படியே பேசினார். பழனியாண்டிக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை.

“பரம சாது. ஆத்துல இருக்கானா இல்லையான்னே தெரியாது. மாடிப்படி ஏறினா காலடிச் சத்தம்கூடக் கேக்காது.”

“ராத்திரியிலயுங்களா?”

“எப்பவுமே கேக்காது. வேணும்னா இவன்கிட்டயே கேளுங்கோளேன்.”

“கேட்டாச்சும்மா. பரவாயில்லைன்னுதான் சொல்றாரு.”

மாமிக்கு ஆனந்தம். “பாத்தேளா, அதான் அடக்கம்.”

தெருவில் இறங்கியதும் பழனியாண்டி என் தோளில் கை போட்டார். அந்தரங்கமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, எதிர்ச் சாரி ஜன்னல்கள் எல்லாம் கேட்கும்படி சொன்னார்.

“சத்தம் வராம நடக்குறவன் எங்க போறான், எங்க வர்றான்னு யாருக்குத் தெரியும்? களவாணிக்குத்தான் தம்பி சத்தம் வராது.”

“ஆமாங்க” என்றேன்.

அடுத்து மளிகைக் கடை ராஜு அண்ணன். அவரும் என்னைப் பார்த்துவிட்டு, எனக்கு நல்லது செய்யும் சந்தோஷத்தோடு கல்லாவிலிருந்து எழுந்தே நின்றார்.

“அப்பிராணிங்க. அழுகின தேங்காயக் குடுத்தாக்கூடத் திருப்பிக் கொண்டாந்து சண்டை போடாத ஆளு. போன மாசம்கூட ஒண்ணு போச்சு. வந்துச்சா? வரலையே.”

அந்தத் தேங்காயை நான் மறந்திருக்கவில்லை. ராஜு அண்ணனும் மறக்கவில்லை என்பது அன்றுதான் தெரிந்தது.

பழனியாண்டி என் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க தம்பி. அழுகின தேங்காய மாத்தத் தெரியாதவன் ஒரு பொண்ணக் கூட்டியாந்து வெச்சுக் காப்பாத்துவானா?”

நியாயமான கேள்வி. யோசித்துப் பார்த்தேன்.

“கஷ்டம்தாங்க” என்றேன்.

ராஜு அண்ணன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கிழங்குக்காரம்மாள் ஒருவர், பூக்கட்டும் அம்மாள் ஒருவர் என்று இன்னும் சிலர் அன்பு மிகுதியால் என் தலையில் மண்ணை அள்ளிப் போட்டார்கள். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். நானும் சிரித்தேன்.

கொள்ளிடத்துக்கு மேலே

துறையூர் பஸ் பிடிக்க வேண்டும் என்றார். திருவானைக்கோவில் நிறுத்தம் வரை கூடவே போனேன். நிறுத்தத்தில் நின்றுகொண்டு பழனியாண்டி தீர்ப்பைச் சொன்னார்.

“மனசுக்குத் திருப்தி இல்ல தம்பி. நேரா துறையூர் போயி வேணாம்னு சொல்லிடப்போறேன். பாக்கப்போனா பையன் மேல தப்பு இல்ல. ஆனா எங்க தேனு வாயே தொறக்காது. வேலைக்குப் போற எடத்துல ஊசி குத்துறதுக்கு முன்னாடி ‘கொஞ்சம் சுருக்குனு இருக்கும்’னு சொல்லும். ஒரு நாளைக்கு மொத்தமே அந்தப் பேச்சுத்தான். அதுக்கு வர்றவனாவது நாலு வார்த்தை சத்தமாப் பேசுறவனா இருக்கணும்னு பாத்தேன். இதுவும் ஊமை, அதுவும் ஊமைன்னா வீடு வெளங்குமா?”

எனக்குக் கூழ்வத்தல் வாசனைதான் நினைவுக்கு வந்தது. இந்த மனிதர் பஸ் ஏறிவிட்டால் அந்த மொட்டை மாடிக்கு நான் மறுபடி போகப்போவதில்லை.

பஸ் வந்தது. அவர் ஏறினார். மஞ்சள் பை என் கையில். அதைக் கொடுப்பதற்காக நானும் ஏறினேன். பஸ் கிளம்பிவிட்டது. நிறுத்துங்கள் என்று கத்த வேண்டும். கத்துவது எனக்கு வராது.

“ஏறியாச்சுல்ல, எங்க?” என்றார் கண்டக்டர்.

கையில் சில்லறைகூட இல்லாமல் நான் பஸ் ஏறியது அதுதான் முதல் தடவை. “டோல்கேட்” என்று முனகினேன். பஸ் கொள்ளிடம் பாலத்தில் ஏறியது. கீழே மணல் வெள்ளை வெளேர் என்று விரிந்து கிடந்தது. ஸ்பீக்கரில் பாட்டு அலறியது. பாலம் முடிந்தால் டோல்கேட். அங்கே நான் இறங்கிவிடுவேன்.

பழனியாண்டியின் பக்கத்தில் குனிந்து சொன்னேன்.

“நான்தாங்க அது.”

“என்ன?”

“நான்தாங்க அந்தப் பையன்.”

“எந்தப் பையனுக்கு என்ன?”

பாலத்தின் பாதி வந்துவிட்டது. எனக்குள் எங்கிருந்து அவ்வளவு காற்று வந்தது என்று தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கத்தினேன்.

“கதிரேசன். நான்தாங்க கதிரேசன்.”

அந்த நேரம் பார்த்துப் பாட்டு முடிந்திருந்தது. பஸ் முழுக்கத் திரும்பியது. டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். பின்னாலிருந்து கண்டக்டர் குரல் கொடுத்தார்.

“கதிரேசன் டிக்கெட்டு எடுத்தாச்சா?”

பழனியாண்டி என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். சட்டைப் பையில் கைவிட்டு நாலு அரிசியை எடுத்தார். கடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

“அப்ப பரவாயில்லைன்னது?”

“என்னைப் பத்தி நானே எப்படிங்க நல்லாச் சொல்லிக்கிறது?”

“அழுகின தேங்கா?”

“அது நெஜம்தாங்க.”

முன் சீட்டில் காய்கறிக் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் திரும்பினார். “என்னங்க விஷயம்?” பழனியாண்டி ரகசியம் காக்கத் தெரியாத தொண்டையால் விஷயத்தைச் சொன்னார். பஸ் மொத்தமும் கேட்டது. அடுத்த பாட்டைப் போடாமல் டிரைவரும் கேட்டார்.

“இவ்ளோ நேரம் பேசாதவரு இப்ப மட்டும் என்னத்துக்குக் கத்துனீங்க?” என்றார் பழனியாண்டி.

இதற்கும் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. மறைக்க என்னிடம் இனி எதுவும் பாக்கி இல்லை.

“மாடியில நாங்க ரெண்டு பேரும் வத்தல் காத்துக்கிட்டு இருந்தோங்க. பேசவே இல்லை. எங்க போனாலும், அடுத்து என்ன பேசணுமோன்னு எனக்கு உள்ளுக்குள்ள உதறிக்கிட்டே இருக்கும். அன்னிக்கு உதறலைங்க. அவங்களுக்கும் உதறலைன்னுதான் நெனைக்கிறேன். நீங்க வேணாம்னா அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஆனா ஒரு தடவை கேட்டுப் பாருங்க.”

பஸ் பாலத்தைத் தாண்டி நின்றது. “டோல்கேட்டு, டோல்கேட்டு” என்றார் கண்டக்டர். நான் பையைக் கொடுத்துவிட்டு இறங்கத் திரும்பினேன்.

“தன்னைப் பத்திக் கொறைச்சுச் சொல்ற மாப்பிள்ளைய நான் இப்பத்தான் பாக்குறேன்” என்றார் கூடைக்கார அம்மாள். “எங்க வீட்டுல வந்த மூணும் வந்தன்னிக்கே கலெக்டரு மாதிரி பேசுச்சுங்க. இன்னும் பேசிக்கிட்டேதான் இருக்குதுங்க.”

பழனியாண்டி கையிலிருந்த அரிசியை ஜன்னல் வழியாக எறிந்தார். மஞ்சள் பையைத் திரும்ப என் கையிலேயே கொடுத்து, தோளை அழுத்திப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

“கண்டக்டர், இவருக்கும் துறையூர் ஒண்ணு குடுங்க. நானே எடுத்துக்கறேன். மாப்பிள்ளை இன்னிக்குப் பேசுற மூடுல இருக்காரு. அங்க போயி தேனுகிட்டயே கேட்டுருவோம்.”

டிரைவர் பாட்டைப் போட்டார்.

அன்று துறையூரில் மத்தியானச் சாப்பாட்டுக்கு அந்தக் கூழ்வத்தலைப் பொரித்துப் போட்டார்கள். கதவோரம் நின்றிருந்த தேன்மொழியிடம் பழனியாண்டி மாமா, சம்மதமா என்று கேட்டார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். எந்தப் பக்கம் ஆட்டினாள் என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. எல்லாரும் சிரித்ததால் தெரிந்துகொண்டேன்.

கொள்ளிடம் பாலத்தில் நான் கத்தியதை மாமா அந்த ஊரில் சொல்லாத வீடு இல்லை. சொல்லச் சொல்ல என் குரல் வளர்ந்துகொண்டே போனது. துறையூரில் இன்றுவரை எனக்குப் பெயர் “தெகிரியமான மாப்பிள்ளை”. என்னைப் பூச்சி என்று நம்பாத ஒரே ஊர் அதுதான். அங்கே போகும்போதெல்லாம் அந்தப் பெயரைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

சுருக்குனு இருக்கும்

இதையெல்லாம் எழுதி முடித்துவிட்டு, பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன்னால் தேன்மொழியிடம் படிக்கக் கொடுத்தேன். வழக்கமாகப் படித்துவிட்டு “ம்” என்பாள். சிறப்பாக இருந்தால் “ம்ம்” என்பாள். இந்த முறை காகிதங்களை ஒழுங்காக அடுக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஒண்ணு சொல்லணும். கொஞ்சம் சுருக்குனு இருக்கும்.”

நான் என்னையறியாமல் சட்டைக் கையை மடித்துவிட்டேன்.

“உங்க அத்தை சர்க்கரை பாக்க வந்தாங்களே, அவங்களுக்கு ஊசி குத்தினது நான்தான்.”

மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு அவளைப் பார்த்தேன்.

“ரத்தம் எடுத்துக்கிட்டு இருக்கும்போதே ‘இங்க தேன்மொழின்னு ஒரு பொண்ணு எப்படி?’ன்னு கேட்டாங்க. ‘நான்தாங்க’ன்னு சொல்லத்தான் நெனச்சேன். பஞ்ச வெக்கிறதுக்குள்ள நேரம் போயிடுச்சு.”

“அதுக்காகப் பரவாயில்லைன்னா சொல்லுவ?”

“என்னைப் பத்தி நானே எப்படிங்க நல்லாச் சொல்லிக்கிறது?”

“பொண்ணு பாக்க வந்தப்ப அத்தைக்குத் தெரியலையா?”

“கண்ணைப் பாத்தா கண்டுபிடிச்சுருவாங்களோன்னுதான் தலையே நிமிரல. அதைப் போயி அடக்கம்னு எழுதியிருக்கீங்க.”

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியாத சிரிப்பு. எங்களை வாயில்லாப் பூச்சிகள் என்று சொன்னவர்கள் யாராவது அப்போது பார்த்திருக்க வேண்டும். உள் அறையிலிருந்து மகள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள். அவளும் எங்கள் ஜாதிதான்.

சிரித்து ஓய்ந்ததும் ஒரு பிரச்சினை மிஞ்சியது. அத்தை உறையூரில் சௌக்கியமாக இருக்கிறார். சொக்கத் தங்கத்தைத் தானே கண்டுபிடித்த பெருமையை இன்றும் எல்லாக் கல்யாண வீட்டிலும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவரிடம் இதைச் சொல்ல வேண்டாமா?

“நீங்க சொல்லுங்க. உங்க அத்தைதானே” என்றாள்.

“குத்தினது நீ. நீயே சொல்லு” என்றேன்.

போனை எடுத்து அவள் என்னிடம் கொடுத்தாள். நான் அவளிடம் கொடுத்தேன். அது கொஞ்ச நேரம் எங்களுக்கு நடுவில் போய்ப் போய் வந்தது. கடைசியில் டேபிள் மேல் வைத்துவிட்டோம்.

கமலா அத்தை இந்தப் பத்திரிகை கடைக்கு வரும் அன்று காலையிலேயே வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, என் பக்கத்தைத்தான் முதலில் படிப்பார். அவர் இந்த வரிக்கு வந்து சேர்ந்திருப்பார் என்று நம்புகிறேன்.

அத்தை, அன்றைக்கு உங்களுக்கு ஊசி குத்தியது தேன்மொழிதான். நாங்கள் இரண்டு பேரும் வீட்டில்தான் இருக்கிறோம். நீங்களே போன் பண்ணுங்கள்.